அப்பாவோட வெப்லி .32-ஐ வித்துடலாமா? நீங்க வெச்சிருக்கிற கைத்துப்பாக்கி எது, ஏன் பிடிக்கும்?

#1 கோத்தகிரிக்காரன்

வணக்கம். லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்ககிட்டதான் இந்தக் கேள்வி. மத்தவங்களும் வேடிக்கை பார்க்கலாம்.

அப்பாவுக்கு இப்ப 74 வயசு. 1978-ல லைசென்ஸ் வாங்கினார். எஸ்டேட் ஆளுங்களுக்குக் கூலி கொடுக்க ஊட்டி பேங்க்ல பணம் எடுத்துக்கிட்டு ஜீப்புல வருவார். அந்தப் பயணத்துக்காக வாங்கினது, வெப்லி .32 ரிவால்வர் (.32ங்கிறது குழல் துவாரத்தோட அளவு, அங்குலத்துல). ஆறு ரவுண்டு, நடுவுல மடங்கித் திறக்கிற மாடல். இப்ப கூலியெல்லாம் நேரா பேங்க் கணக்குக்குப் போயிடுது. ஜீப்பையும் வித்தாச்சு. ரிவால்வர் மட்டும் பீரோவுல இருக்கு.

2016 ஆயுத விதிகள்படி, லைசென்ஸ்காரர் 70 வயசைத் தாண்டினாலோ, 25 வருஷம் வெச்சிருந்தாலோ வாரிசு பேருக்குக் கேட்கலாம். நான் கேட்டிருக்கேன். கடைக்காரர் என்னடான்னா, "பழசைக் கொடுத்துட்டு புதுசு எடுங்க சார், உதிரி பாகம் கிடைக்காது" அப்படிங்கிறார். அப்பாகிட்ட கேட்டா, "உன் இஷ்டம்"னு சொல்லிட்டு பேப்பர் படிக்கப் போயிட்டார். அவர் அப்படிச் சொன்னா அது சம்மதம் இல்லைன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

நீங்க எது வெச்சிருக்கீங்க? எதனால அது பிடிச்சுது? விலை, பெருமை தவிர்த்து வேற காரணம் சொல்லுங்க.

#2 பொள்ளாச்சித்தென்னை

தம்பி, நம்மூர்ல கைத்துப்பாக்கியைப் பிடிச்சு வாங்கறவன் யாருங்க? எது கிடைக்குதோ அதைப் பிடிச்சுக்க வேண்டியதுதான். எண்பதுகள்ல வெளிநாட்டு இறக்குமதியை அடைச்சாங்க. 9 மி.மீ. தடை பண்ணின ரகம். மிச்சம் இருக்கிறது .32, .22. இதுல என்னத்தைப் பொறுக்கறது?

எங்கிட்ட இருக்கிறது கான்பூர் அரசு ஃபேக்டரியில செஞ்ச .32 ரிவால்வர். உங்க அப்பா வெப்லிக்குத் தம்பி முறை வேணும்! அதே மடக்கு, அதே தாழ்ப்பாள். வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்த வெப்லி மார்க் 4-ஐப் பார்த்துச் செஞ்சதுதான் அது. முதல்ல எனக்கு மனசே ஒப்பலைங்க. படத்துல வர்ற மாதிரி சப்பையா ஒரு பிஸ்டல் வேணும்னு ஆசை. நாலு வருஷம் கழிச்சு ஒரு நாள் தோப்பு வீட்டுல உட்கார்ந்து துடைக்கறப்பத்தான் தெரிஞ்சுது, இதுல எனக்குத் தெரியாத பாகம்னு ஒண்ணு இல்லை. தாழ்ப்பாளைத் தள்ளினா மடங்குது, சுட்ட தோட்டாவோட ஆறு கூடும் ஒண்ணா மேல எழும்புது, அவ்வளவுதான். நம்ம மோட்டார் ரூம் ஸ்டார்ட்டர்ல இருக்கற சிக்கல்கூட இதுல இல்லை.

இன்னொண்ணு சொல்லணும். 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் வந்தப்ப மூணு ஆயுதம் வெச்சிருந்தவங்க ரெண்டாக் குறைக்கணும்னாங்க. எங்கிட்ட தாத்தா ஒத்தக்குழல், அப்பா இரட்டைக்குழல், இந்த ரிவால்வர் மூணும் இருந்துது. ஒத்தக்குழலைக் கொடுத்தேன். காட்டுப்பன்னிக்கு அது உதவியிருக்கும், .32 பன்னியை முறைச்சுப் பார்க்கக்கூட உதவாது. அப்படியிருந்தும் ரிவால்வரை விட மனசு வரலைங்க. ஏன்னு கேட்டா இப்பவும் தெரியாது.

#3 சும்மாகேக்குறேன்

லைசென்ஸ் எல்லாம் இல்லாமலே வட நாட்டுப் பக்கம் கிடைக்குதாமே, யாராவது விவரம்

*[நெறியாளர்: மீதி நீக்கப்பட்டது. இந்த இழையில் உரிமம் பெற்ற ஆயுதங்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு. வாங்க, விற்க, வரவழைக்க வழி கேட்கும் பதிவுகளுக்கு இடமில்லை.]*

#4 ஓய்வுஹவில்தார்

ஐயா, நான் மிலிட்டரி போலீஸ்ல 17 வருஷம். எனக்குப் பிடிச்ச கைத்துப்பாக்கி எங்கிட்ட இல்லை, இனி இருக்கவும் முடியாது. இஷாப்பூர் அரசு ஃபேக்டரியில செய்யற 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ. பிரௌனிங் ஹை-பவர்னு உலகமெல்லாம் சொல்ற அதே ஜாதி. ஜான் பிரௌனிங் ஆரம்பிச்சு, 1926-ல அவர் செத்த பிறகு பெல்ஜியத்துல சேவ்ங்கிறவர் முடிச்சு, 1935-ல வெளிய வந்த சாமான். மேகசினுக்கு, அதாவது பிடிக்குள்ள போற தோட்டாப் பெட்டிக்கு, பதிமூணு ரவுண்டு.

ஏன் பிடிக்கும்னா பிடி. கையை நீட்டினா துப்பாக்கி தானா இலக்கைப் பார்க்கும். நான் குள்ளம், கையும் சின்னது. இரட்டை வரிசை மேகசின் இருந்தும் அந்தப் பிடி என் கைக்குள்ள அடங்கும். அதை யார் இழைச்சாங்களோ, அவங்களுக்கு மனுஷக் கை எப்படி மூடும்னு தெரிஞ்சிருக்கு. குறைன்னா, சுத்தியல் பின்னாடி அடிக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற தோலைக் கடிக்கும். எனக்கு இன்னும் தழும்பு இருக்கு. அந்தத் தழும்பைத்தான் நான் பென்ஷனோட வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

இப்ப ஒரு வேன்ல பணக் காவல். இரட்டைக்குழல் தோள்ல தொங்குது. அதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை.

கோத்தகிரித் தம்பிக்கு ஒரு வார்த்தை. ரிவால்வரை விக்காதீங்க. தோட்டா வேலை செய்யலைன்னா மறுபடி விசையை இழுத்தா அடுத்த தோட்டா வந்து நிக்கும். பிஸ்டல்ல அப்படி இல்லை, மேல நகர்ற ஸ்லைடை இழுத்துத் தள்ளணும். அதுக்குத் தினம் பழகியிருக்கணும். நாம வருஷத்துக்கு எத்தனை ரவுண்டு சுடறோம்? பழக்கம் இல்லாதவன் கைக்கு ரிவால்வர்தான்.

#5 பொருநைக்கரை

ஹவில்தார் ஐயா சொல்லுததுல பாதி சரி. பாதிக்கு நான் சண்டை போடுவேன்.

எங்கிட்ட இருக்கது பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனியோட பிரௌனிங் 1910, .32 பிஸ்டல். தாத்தா கொழும்பு வியாபாரம் பார்த்த காலத்துச் சாமான், வாரிசு முறையில என் பேருக்கு வந்துது. அதோட வழவழப்பைப் பார்த்தீங்கன்னா ரிவால்வரையெல்லாம் ஆத்தோட விட்டுருவீங்க. சட்டையில மாட்டுத மாதிரி ஒரு முனை கிடையாது. சுத்தியல் வெளிய தெரியாது. சுருள்வில்லைக் குழலைச் சுத்தியே போட்டிருக்கான், அதனாலதான் அம்புட்டு ஒல்லி. பாதுகாப்பு மூணு: பிடியை அமுக்கினாத்தான் சுடும், பக்கவாட்டுல ஒரு தாழ், மேகசினைக் கழட்டிட்டா விசை வேலை செய்யாது. 1910-ல ஒரு மனுஷன் இதையெல்லாம் யோசிச்சிருக்கான்.

1914-ல சரயேவோவுல ஆஸ்திரிய இளவரசனைச் சுட்டது இந்த மாடல்தான், .380 ரகம். எங்க ஊர்க்காரனுக்கு அதைவிட முந்தின கதை ஒண்ணு உண்டு. 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் கையில இருந்ததும் பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங். நான் மணியாச்சி வழியா ரயில்ல போகும்போதெல்லாம் தாத்தா பீரோ ஞாபகம் வரும். இது பெருமைக்குச் சொல்லலை அண்ணாச்சி, சும்மா தோணுது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ".32"ன்னு ரெண்டு சாதி தோட்டா உண்டு. ரிவால்வருக்கு .32 லாங், விளிம்பு வெச்சது, நம்ம ஊர்ப் பெட்டியில 7.65×23னு போட்டிருக்கும். பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., 7.65 பிரௌனிங்னும் சொல்லுவாவ. பேரு ஒண்ணாத் தெரியும், சாமான் வேற. ஏ.சி.பி. தோட்டா சில ரிவால்வர்ல உள்ள போயும் உக்காரும். போயிட்டுங்கதுக்காகச் சுட்டுராதீங்க, அழுத்தம் வேற. பெட்டியில அச்சடிச்சிருக்கதும் குழல்ல வெட்டியிருக்கதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும்.

#6 ஓய்வுஹவில்தார்

பொருநைக்கரை, உங்க பிஸ்டல் அழகுதான். ஆனா ஒரு கேள்வி. மேகசினைக் கழட்டிட்டீங்க. குழலுக்குள்ள ஒரு ரவுண்டு இருக்கா இல்லையான்னு பார்த்தா தெரியுமா?

#7 பொருநைக்கரை

ஸ்லைடை இழுத்துப் பார்த்தாத் தெரியும்.

#8 ஓய்வுஹவில்தார்

அதைத்தான் சொல்றேன். இழுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இழுக்க மறந்தவன் கதையை நான் ரெண்டு தடவை கோர்ட் ஆஃப் என்கொயரியில உட்கார்ந்து கேட்டிருக்கேன். "மேகசின் வெளியதான் இருந்துது சார்" அப்படின்னுதான் ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க. உங்க 1910-ல மேகசின் இல்லாட்டி சுடாதுங்கிறது நல்ல விஷயம். எல்லாத்துலயும் அந்த வசதி இல்லை. மடக்கு ரிவால்வர்னா தூரத்துல இருந்து பார்த்தாலே ஆறு ஓட்டையும் வெளிச்சமாத் தெரியும்.

#9 பத்துமீட்டர்பவி

அண்ணாஸ், நடுவுல ஒரு பொண்ணு வரலாமா? என்னோடது லைசென்ஸே தேவையில்லாத சாமான், ஆனா உங்க எல்லாரையும்விட நான்தான் அதிகம் சுடுறேன்னு பந்தயம் கட்டுவேன்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல், 4.5 மி.மீ. பெல்லட். போட்டியில 75 நிமிஷத்துல 60 ஷாட். பத்து மார்க் வட்டம் 11.5 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. விசை எடை குறைஞ்சது 500 கிராம் இருக்கணும், எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பாங்க.

எனக்குப் பிடிச்சது ஸ்டைர் எல்.பி. 10. செகண்ட் ஹேண்ட்ல, ஒரு சீனியர் அக்காகிட்ட இருந்து வந்தது. ஏன் பிடிக்கும்னா அதோட மரப்பிடி. வந்தப்போ அது அக்காவோட கை. என் உள்ளங்கையில ஒரு பக்கம் இடிக்கும், இன்னொரு பக்கம் காத்து ஓடும். கோச் சொன்னார், எம்-சீல் வாங்கிட்டு வா. பைப் ஒழுகினா அடைக்கிற அதே எம்-சீல்! கொஞ்சம் அப்பணும், இறுக்கிப் பிடிக்கணும், காய்ஞ்சதும் உப்புத்தாளால தேய்க்கணும். மறுபடி அப்பணும். எட்டு மாசம் தேய்ச்சிருக்கேன். இப்ப பார்க்க அசிங்கமா, ஆறின புண்ணு மாதிரி இருக்கும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல உட்காரும். இன்னொருத்தர் எடுத்துப் பார்த்தா "என்னம்மா இது, கல்லு மாதிரி குத்துது"ன்னு வெச்சிடுவாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கிளப்ல பாதிப் பேர் எலக்ட்ரானிக் விசை வெச்ச மொரினிதான் வெச்சிருக்காங்க. தொட்டா போதும், அப்படி ஒரு துல்லியம். நான் மெக்கானிக்கல்லயே நின்னுட்டேன். டோக்கியோ ஒலிம்பிக்ல மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்று நடுவுல எலக்ட்ரானிக் பிஸ்டல் கோளாறாகி நேரம் போனதை லைவ்ல பார்த்தவ நான். அன்னைக்கு எனக்கு வயிறு கலங்கிடுச்சு. மூணு வருஷம் கழிச்சு அதே பொண்ணு பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் எடுத்தாங்க, அது வேற விஷயம். எலக்ட்ரானிக் மோசம்னு சொல்லலை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

#10 ஹூஸ்டன்வாசி

பவி தங்கச்சி சொன்ன எம்-சீல் சமாச்சாரம் படிச்சுச் சிரிச்சுட்டேன். இங்க கடைக்குப் போனா சுவர் முழுக்க ரப்பர் பிடி தொங்கும்.

நான் டெக்சஸ்ல 19 வருஷம். எச்-1பி விசாவுல இருந்தவரைக்கும் பொதுவா வாங்க முடியாது. பச்சை அட்டை வந்த பிறகுதான் வாங்கினேன். பாரம் பூர்த்தி பண்ணி, கடைக்காரர் பின்னணி சரிபார்த்து, அரை மணி நேரத்துல கையில கொடுத்துட்டார். பொள்ளாச்சி அண்ணன் வருஷக்கணக்கா கலெக்டர் ஆபீஸுக்கு நடந்திருப்பார். எனக்கு அந்த அரை மணி நேரம் ஒரு மாதிரி பயமாவே இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

முதல்ல வாங்கினது க்ளாக் 19. எல்லாரும் வாங்கறாங்கன்னு வாங்கினேன். ஆஸ்திரியாவுல கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செஞ்சுட்டிருந்த காஸ்டன் க்ளாக், பட்டாளத்துக்குப் பிஸ்டல் வேணும்னு கேட்டு ஆரம்பிச்ச கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1982-ல க்ளாக் 17, ஆறு வருஷம் கழிச்சு அதைச் சுருக்கி க்ளாக் 19. பிளாஸ்டிக் உடம்பு, துரு லேசுல பிடிக்காது, மண்ணுல போட்டு எடுத்தாலும் சுடும். குறைன்னு ஒண்ணும் சொல்ல முடியாது. நம்ம டொயோட்டா இன்னோவா மாதிரி. இன்னோவா மேல யாராவது கவிதை எழுதுவாங்களா?

அப்புறம் ஆசைப்பட்டு 1911ங்கிற மாடல் பிஸ்டல் ஒண்ணு வாங்கினேன். .45. 1911-ல இருந்து 1985 வரைக்கும் அமெரிக்கப் பட்டாளம் தூக்கிட்டு அலைஞ்சது. விசை கண்ணாடித் துண்டு உடையற மாதிரி சுத்தமா விடும். அழகுன்னா அழகு. தோட்டா விலையைப் பார்த்தா ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு காபி போச்சுன்னு மனசு கணக்குப் போடும்.

இப்ப எனக்குப் பிடிச்சது எது தெரியுமா? ரூகர் மார்க் 4. வெறும் .22. 1949-ல பில் ரூகர் முதல்ல செஞ்ச பிஸ்டலோட பேரன். சத்தம் குறைவு, உதைப்பு இல்லை, தோட்டா மலிவு. பழைய மார்க் மாடல்களைக் கழட்டிட்டா திரும்பப் பூட்டறது பெரிய தலைவலி. இதுல பின்னாடி ஒரே ஒரு பொத்தான், அமுக்கினா மேல்பாதி தனியா வந்துடும். மனைவி முதல் முறை ரேஞ்சுக்கு வந்தப்போ க்ளாக்கை ரெண்டு தடவை சுட்டுட்டு "போதும்"னு வெச்சுட்டாங்க. ரூகரைக் கொடுத்தேன், நூறு ரவுண்டு தீர்ந்துதான் நிமிர்ந்தாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடறதில்லை, அவங்கதான் கூப்பிடறாங்க. மத்த ரெண்டும் பெட்டகத்துக்குள்ள தூங்குது.

#11 சும்மாகேக்குறேன்

சரி நெறியாளரே, ஒழுங்காவே கேக்குறேன். உங்க யாருக்கும் இதுவரைக்கும் ஒரு தடவையாவது இது தேவைப்பட்டிருக்கா? நாய் வளர்த்தா போதாதா?

#12 பொள்ளாச்சித்தென்னை

தேவைப்பட்டதில்லைங்க. நாயும் இருக்குது, ரெண்டு.

நிஜமாச் சொன்னா இந்த ரிவால்வர் என் வீட்ல இருந்ததைவிட வெளிய இருந்த கதைதான் பெருசு. தேர்தல் அறிவிச்சா ஒப்படைக்கணும் இல்லைங்களா? 2024-ல மார்ச் 16-ல நடத்தை விதி வந்துது. நம்ம மாநிலத்துல ஏப்ரல் 19-ல ஓட்டு முடிஞ்சாலும், நாடு முழுக்க முடிஞ்சு எண்ணிக்கை வரணும்னு ஜூன் வரைக்கும் திரும்பி வரலை. நான் புத்தி கெட்டுப் போய் தோல் உறையோட கொடுத்துட்டேன். வாங்கி உறையை உருவிப் பார்த்தா குழல் முழுக்கச் செம்புள்ளி, அம்மை போட்ட மாதிரி! அந்த ஸ்டேஷன்காரங்களைக் குத்தம் சொல்ல முடியாது. தோல் ஈரத்தைக் குடிச்சுக்கும், எஃகு அதோட ஒட்டிக் கிடந்தா வேற என்ன ஆகும்? அதுல இருந்து எண்ணெய் தடவி, பருத்தித் துணியில சுத்திக் கொடுக்கறேன். ரசீதுல நம்பரைச் சரிபார்த்து வாங்கறது தனி.

எண்ணெய்னா தேங்காய் எண்ணெய் இல்லைங்க. தென்னை வெச்சிருக்கறவன் நானே சொல்றேன். என் மச்சினன் தடவினான், மார்கழியில உறைஞ்சு போய்ச் சிலிண்டர் சுத்தவே மாட்டேனுது. கோத்தகிரிக் குளிருக்குச் சொல்லவே வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்.

#13 பொருநைக்கரை

நாய்க் கேள்விக்கு என் பதில்: எனக்கும் தேவைப்பட்டதில்லை. தேவைப்படாம இருக்கணும்னுதான் வேண்டுதல். வருஷத்துக்கு ஒரு தடவை ரேஞ்சுல பத்து ரவுண்டு, மிச்ச நாளெல்லாம் துடைக்கதுதான் வேலை. கல்யாண வீட்ல வானத்தைப் பார்த்துச் சுடுத வட நாட்டு வழக்கத்துக்கு 2019-லயே ரெண்டு வருஷம் வரை ஜெயில்னு போட்டுட்டான். நம்ம பக்கம் அதுக்கு வெடிக்கட்டு இருக்கு, புண்ணியம்.

#14 ஓய்வுஹவில்தார்

கோத்தகிரித் தம்பி, கடைக்காரர் சொன்ன உதிரி பாகப் பிரச்சினைக்கு வருவோம். பாதி உண்மை. வெப்லியில தேயறது ரெண்டு இடம். ஒண்ணு, மடக்குற கீல். மூடின நிலையில குழலைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னா தேய்ஞ்சிருக்கு. இன்னொண்ணு, கூடுகளைத் தூக்கற நட்சத்திரம். கூடு அதுக்கு அடியில நழுவிட்டா மூடவே மூடாது. அது கோளாறு இல்லை, பழக்கக் குறை. குழல் மேல பார்க்க நிமிர்த்திப் பிடிச்சு, தயங்காம ஒரே வீச்சுல திறந்தா கூடெல்லாம் தானா கீழ விழும். இந்த ரெண்டும் சரியா இருந்தா உங்க காலம் முடியற வரைக்கும் ஓடும். லைசென்ஸ் உள்ள ஆர்மரர்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர்காரர்) மட்டும் காட்டுங்க, சைக்கிள் கடைக்காரர்கிட்ட வேண்டாம்.

புது வெப்லியே வேணும்னாலும் இப்ப உத்தரப் பிரதேசத்துல செய்யறாங்க, 2020-ல இருந்து. நான் கையில எடுத்துப் பார்க்கலை, அதனால கருத்து இல்லை. லேசா வேணும்னா கான்பூர்ல 2014-ல விட்ட நிர்பீக் இருக்கு, அரைக் கிலோதான். டில்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பேர் வெச்சாங்க. லேசான துப்பாக்கி தூக்கச் சுகம், சுட்டா கையில சுருக்குன்னு இருக்கும்.

#15 பத்துமீட்டர்பவி

கோத்தகிரி அண்ணா, எல்லாரும் பாகம், எண்ணெய்னு பேசறாங்க. அப்பாவுக்கு அது ஏன் பிடிக்கும்னு அவரைக் கேட்டீங்களா?

#16 கோத்தகிரிக்காரன்

பவி, நேத்து கேட்டேன்.

முதல்ல ஹவில்தார் ஐயா சொன்ன சோதனை பண்ணினேன், அப்பா எதிர்லயே. கீல் ஆடலை. அதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்து பேப்பரைக் கீழ வெச்சார். "நிமிர்த்திப் பிடிடா"ன்னார், ஐயா சொன்னது போலவே.

அப்புறம் கேட்டேன், ஏம்ப்பா அப்ப பிஸ்டலும் கிடைச்சிருக்கும், இதை ஏன் எடுத்தீங்கன்னு. கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அம்மாவுக்கு இது வீட்ல இருக்கிறது பிடிக்கவே இல்லையாம். சம்பள நாள் ராத்திரி அவர் வந்ததும் அம்மா சாப்பாடு போட மாட்டாங்களாம். இவர் சாப்பாட்டு மேஜையில ரிவால்வரை மடக்கித் திறந்து வெச்சு, ஆறு தோட்டாவையும் பக்கத்துல ஒரு சில்வர் கிண்ணத்துல போடணும். அம்மா கிண்ணத்துல எண்ணிப் பார்ப்பாங்க. அப்புறம் குனிஞ்சு ஓட்டை வழியா விளக்கு வெளிச்சத்தைப் பார்ப்பாங்க. ஆறும் தெரிஞ்ச பிறகுதான் தட்டு வரும். "பிஸ்டல்னா அவளுக்கு எப்படிடா காட்டறது"ன்னார்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகுது. அந்தக் கிண்ணம் இப்பவும் பீரோவுலதான் இருக்கு, ரிவால்வருக்குப் பக்கத்துல. இத்தனை வருஷமா அதுல பொத்தானும் ஊசியும் கிடக்கறதைப் பார்த்து, தையல் கிண்ணம்னு நெனச்சுட்டிருந்தேன்.

கடைக்காரருக்கு இன்னைக்குக் காலையில போன் பண்ணிட்டேன். விக்கலை. தையல் மெஷின் எண்ணெய் மட்டும் வாங்கணும்.